385 வர வேண்டிய இடத்தில் 55: சேஜுக்குத் தமிழில் கையேடு எழுத ஆள் திரட்டிய அனுபவம்

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு போன். கோயம்புத்தூரில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒரு தம்பி, ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுத ஆள் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்துவிட்டார்களாம். "எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம் அக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லி முடிக்க ஒன்றரை மணி நேரமானது. போனை வைத்த பிறகு மனசு கனத்துப் போயிருந்தது. 2018-இல் நான் சேஜ் என்ற கணித மென்பொருளுக்கு இதே மாதிரி ஒரு வேலையைத் தொடங்கியபோது அந்த ஒன்றரை மணி நேரத்தை எனக்குத் தர யாருமில்லை. இரண்டரை வருடமும் 56,900 ரூபாயும் போனது. என்னை நம்பி எழுதிக் கொடுத்தவர்களில் இரண்டு பேரோடு இன்றும் பேச்சுவார்த்தை இல்லை. பணத்தைவிட அதுதான் வலிக்கிறது. அந்தத் தம்பியிடம் சொன்னதை, சொல்ல மறந்ததையும் சேர்த்து, இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் தென்மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணினியில் செய்முறை வகுப்பு உண்டு. விலை கொடுத்து மென்பொருள் வாங்க எங்கள் துறைக்கு வசதியில்லை, அதனால் சேஜ்மேத், சுருக்கமாகச் சேஜ். வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. எண் கோட்பாட்டுக்குப் பாரி, குலக் கோட்பாட்டுக்குக் கேப், நுண்கணிதத்துக்கு மேக்சிமா, பல்லுறுப்புக் கோவைகளுக்குச் சிங்குலர் என்று ஏற்கெனவே தனித்தனியாக இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, எல்லாவற்றையும் பைத்தான் என்ற நிரல்மொழி வழியாகவே இயக்கும்படி செய்திருக்கிறார்கள். கையேடுகளுக்கும் குறைவில்லை. அறிமுகப் பாடம் பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யன் என்று பல மொழிகளில் இருந்தது. தமிழில் இல்லை. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வருகிற பிள்ளைகள் கரும்பலகையில் அணிக்கோவையை மடமடவென்று போடுவார்கள். அதையே சேஜில் செய்யச் சொல்லி உதவிப் பக்கத்தைத் திறந்து காட்டினால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கை கட்டலைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

இறங்கின வேகத்தில் முதல் தப்பு. சேஜின் ரெஃபரன்ஸ் கையேட்டுப் பொருளடக்கத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு தலைப்பு என்று பிரித்துக் கொடுத்தேன். அது ஆயிரக்கணக்கான பக்கம். ஒவ்வொரு செயற்கூறும், அதாவது ஃபங்ஷனும், என்ன வாங்கும், என்ன தரும் என்று வரிசையாகச் சொல்வது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர் எடுத்துப் புரட்டுவதற்கானது. புதிதாக வருபவர் படித்துக் கற்பதற்கானதல்ல. சேஜ் சமூகமே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. சுற்றிக் காட்டும் சிறு அறிமுகம் தனி, படிப்படியான பாடம் தனி, "இதை எப்படி அமைப்பது?" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் தொகுப்பு தனி, ரெஃபரன்ஸ் தனி, மென்பொருளுக்குள் கை வைப்பவர்களுக்கான வழிகாட்டி தனி. ஆவணங்கள் நான்கு வகை, ஒன்றோடொன்றைக் கலக்கக் கூடாது என்று டேனியேலே புரோசிடா என்பவர் விரிவாகச் சொல்லியிருப்பதைப் பிற்பாடுதான் படித்தேன். எங்கள் ஆட்கள் நான்கு மாதத்தில் பதினோரு தலைப்பை மொழிபெயர்த்தார்கள். என் மாணவர்களில் ஒருவர்கூட அதில் ஒரு பக்கத்தையும் இரண்டாம் முறை திறக்கவில்லை. நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பொருளடக்கத்தைத் தொடாதீர்கள். ஒரு பருவம் முழுக்க வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எனக்கு அப்படி 64 கேள்விகள் சேர்ந்தன. "விடை பின்னமா வருது, தசமமா எப்படி எடுக்கிறது?" என்பது மட்டும் ஒன்பது பேர் கேட்டது. அந்த நோட்டுதான் பொருளடக்கம்.

2018 நவம்பரில் இரண்டு நாள் பட்டறை வைத்தேன். 31 பேர் வந்தார்கள். சாப்பாடு, அரங்கம், வெளியூர்க்காரர்கள் தங்க அறை எல்லாம் சேர்த்து 27,500 ரூபாய், என் கையிலிருந்து. அந்த இரண்டு நாளில் எழுதப்பட்டது மொத்தம் மூன்று பக்கம். ஏனென்றால் முதல் நாள் முழுக்க சேஜை நிறுவுவதிலேயே போய்விட்டது. பெரிய கோப்பு; முப்பது பேரும் ஒரே நேரத்தில் இறக்கினால் கல்லூரி இணையம் தாங்குமா? மதியம் மூன்று மணிக்கு ஒருவர் மடிக்கணினியில்கூட அது ஓடவில்லை. இராமநாதபுரத்திலிருந்து ஐந்து மணிக்கே கிளம்பி வந்த ஒரு மூத்த ஆசிரியர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் எதுவும் சொல்லவில்லை, மறுநாள் வரவில்லை. இன்று செய்வதானால், ஒரு வாரம் முன்பே பென் டிரைவில் போட்டு அனுப்பிவிடுவேன். அதுவும் வேண்டாமென்றால், சேஜ் செல் என்று ஒன்று இருக்கிறது: உலாவியில் ஒரு பெட்டி திறக்கும், அதில் கட்டளையை எழுதினால் விடை வந்துவிடும், எதையும் நிறுவ வேண்டியதில்லை. எடுத்துக்காட்டு எழுதிப் பார்க்க அதுவே போதும். பட்டறைக்கு வருகிறவர் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அவரை இழந்துவிடுவீர்கள்.

அடுத்தது எழுத்துரு. இதை யாருமே எச்சரிக்கவில்லை, எச்சரித்திருக்கலாம். கல்லூரி ஆசிரியர்களிடம் பல வருடமாகத் தட்டச்சு செய்து வைத்த குறிப்புகள் இருக்கும், முக்கால்வாசி பாமினியிலும் வானவில்லிலும். "என்கிட்ட அணிகளுக்கு நாற்பது பக்கம் ரெடியா இருக்கு மேடம், எடுத்துக்கங்க" என்று மனதாரக் கொடுப்பார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு பாமினி. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் முழுக் கோப்பையும் போட்டால், தமிழ் வரிகள் சரியாக மாறும்; நடுவே ஆங்கிலத்தில் இருக்கிற சேஜ் கட்டளைகளும் சேர்ந்து மாறும்! அணி அமைக்கும் கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துக் குவியல். பிரித்துப் பிரித்து மாற்றித் தரச் சொல்லி ஒரு டிடிபி கடையில் 18,000 ரூபாய் கொடுத்தேன். அவர்களுக்குக் கட்டளை எது, கணிதம் எது என்று எப்படித் தெரியும்? திரும்ப நானே மூன்று சனி ஞாயிறு உட்கார்ந்து சரி செய்தேன். வேர்டு கோப்பில் இன்னொரு கண்ணி உண்டு. நேரான மேற்கோள் குறியை அது தானாகவே வளைத்துவிடும், கழித்தல் குறியை நீட்டிவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஒட்டினால் ஓடாது. வேர்டு, வாட்ஸப், கையெழுத்துப் புகைப்படம் எதில் வந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதிலுள்ள கட்டளைகளை மட்டும் ஒருபோதும் வெட்டி ஒட்டாதீர்கள். சேஜில் புதிதாக அடித்து, ஓட்டிப் பார்த்து, அங்கிருந்து எடுத்துப் போடுங்கள்.

கலைச்சொல் சண்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்த வேலையிலேயே எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்ததும் அதுதான். 2019 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவர் எங்களோடு சேர்ந்தார். நேரியல் இயற்கணிதப் பக்கத்தில் மேட்ரிக்ஸுக்கு நாங்கள் அணி என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு எனக்கு எழுதினார்: "அக்கா, எங்கட புத்தகத்தில தாயம் எண்டுதான் இருக்கு. அணி எண்டா எங்கட பெடியள் கிரிக்கெட் அணி எண்டு நினைப்பினம்." எங்கள் பக்கத்துப் பேராசிரியர் ஒருவர் உடனே, "தாயம்னா எங்க ஊர்ல திண்ணையில உருட்டுறது தம்பி" என்றார். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. எங்களுக்குக் கணம், அவர்களுக்குத் தொடை. எங்களுக்குப் பகா எண், அவர்களுக்கு முதன்மை எண். கலப்பெண், சிக்கலெண். அணிக்கோவை, துணிகோவை. திசையன், காவி. இரண்டும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்த சொற்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் தீர்ப்புச் சொல்லப் பார்த்தேன், வாக்கெடுப்பு வைத்தேன். 14-க்கு 3 என்று தமிழ்நாட்டுச் சொற்கள் ஜெயித்தன. அந்த மாணவர் இரண்டு மாதம் எதுவும் எழுதவில்லை. எண்ணிக்கையில் சிறியவர்களிடம் வாக்கெடுப்பு வைப்பது நியாயமே இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான்: ஒரு பக்கத்தை எழுதுகிறவர் தன் சொல்லையே பயன்படுத்தலாம். பக்கத்தின் தலையில் மற்ற சொல்லும் சேஜில் அதற்கான கட்டளையும் இருக்கும். கையேட்டின் கடைசியில் சொல்லடைவு, அதில் தாயம் என்று தேடினாலும் அணி என்று தேடினாலும் ஒரே பக்கத்துக்குப் போகும். அந்தச் சொல்லடைவை இயந்திரத்திடம் விடாமல் கையால்தான் செய்கிறோம். கணம் என்பது கணத்தின், கணங்களை என்று உருமாறிக்கொண்டே போவதால், சொல்லை அப்படியே தேடினால் பாதி இடம் அகப்படாது. சொல்பட்டியலை முதல் பக்கம் எழுதுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள். இருபது பக்கம் எழுதிய பிறகு மாற்றச் சொன்னால் யாருக்கும் கோபம்தான் வரும்.

லைசென்ஸ் விஷயத்தில் நான் பட்டது பெரிய அடி. 2019 ஆகஸ்டில் எங்கள் விக்கியில், அதாவது எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய எங்கள் இணையதளத்தில், நாற்பது பக்கம் சேர்ந்திருந்தது. அதில் நன்றாக இருந்தவை வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றிய இரண்டு அத்தியாயங்கள். அவற்றைக் கொடுத்தவர், தானும் ஒரு சக ஆசிரியரும் சேர்ந்து ஒரு துணைநூலுக்காகத் தயாரித்த குறிப்புகளைப் போட்டிருக்கிறார். அந்தச் சக ஆசிரியர் ஒரு நாள் போனில் பேசியதை நான் திருப்பிச் சொல்ல விரும்பவில்லை. திருட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நான் கூசிப் போனேன். பக்கங்களை அன்றே எடுத்துவிட்டேன். கொடுத்தவருக்கு நான் அவரைக் காட்டிக் கொடுத்ததாக வருத்தம், மற்றவருக்கு நான் தெரிந்தே போட்டதாகக் கோபம். முதலாம் நாளே செய்திருக்க வேண்டியது ஒரே ஒரு காரியம். "இது என் சொந்த எழுத்து, வேறு யாருக்கும் இதில் உரிமை இல்லை, இந்த லைசென்ஸில் வெளியிடச் சம்மதிக்கிறேன்" என்று ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாங்குவது. சேஜின் நிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் இடம் தரும் ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. அதன் ஆவணங்கள் கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் உரிமத்தில் இருக்கின்றன. அதிலிருந்து மொழிபெயர்ப்பதானால் நம்முடையதும் அதே உரிமத்தில்தான் வர வேண்டும், மூலத்தின் பெயரையும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் சில பேர் பின்வாங்குவார்கள். முதலிலேயே போகட்டும். நாற்பதாம் பக்கத்தில் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

இனி 55-க்கு வருகிறேன். 2020 ஜனவரி 1 அன்று சேஜ் 9.0 வந்தது. அதோடு சேஜ் பைத்தான் 2-ஐ விட்டு பைத்தான் 3-க்கு மாறியது. அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி கட்டாயமானது, இன்னும் சில கட்டளைகளின் பெயரே இல்லாமல் போனது. எங்கள் பக்கங்களில் மொத்தம் 212 எடுத்துக்காட்டுகள். எத்தனை உடைந்தன என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. மார்ச்சில் ஊரடங்கு. வகுப்பு முழுக்க வீட்டிலிருந்து. பிள்ளைகள் முதன்முறையாக எங்கள் கையேட்டை மட்டுமே நம்பி உட்கார்ந்தார்கள். பிழைச் செய்திகளின் படம் என் போனில் வந்து குவிந்தது. "மேடம், நான் ஏதாவது தப்பா அடிச்சிட்டேனா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தப்பு கையேட்டில் இருக்கலாம் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. அதை நினைத்தால் இன்னும் சங்கடமாக இருக்கிறது. ஒரே ஒருத்தி மட்டும், இரண்டாம் ஆண்டு மாணவி, வேறு மாதிரி எழுதினாள்: "மேடம், முதல் 10 எண்களோட வர்க்கங்களின் கூடுதல் ஃபார்முலாப்படி 385 வருது. நம்ம பக்கத்துல விடை 55ன்னு இருக்கு."

திறந்து பார்த்தேன். 55 என்றுதான் இருந்தது, ஒரு வருடமாக. மூன்று பேர் சரிபார்த்த பக்கம், அதில் நானும் ஒருத்தி. எழுதியவர் கணினியில் சேஜ் இல்லை. சேஜ் பைத்தான்தானே என்று வெறும் பைத்தானில் ஓட்டி விடையை ஒட்டியிருக்கிறார். சேஜில் 7^2 என்றால் ஏழின் வர்க்கம், 49. ஏனென்றால் சேஜ் அந்தக் கூரைக் குறியை அடுக்காக மாற்றிப் படித்துக்கொள்ளும். வெறும் பைத்தானில் அதே குறிக்கு வேறு வேலை: இரண்டு எண்களையும் இரும எண்ணாக எழுதி, எந்தெந்த இடத்தில் வேறுபடுகின்றன என்று பார்க்கும். 7 என்பது 111, 2 என்பது 010, ஆக விடை 101, அதாவது 5. இப்படி 1 முதல் 10 வரை கூட்டினால் 3, 0, 1, 6, 7, 4, 5, 10, 11, 8 என்று வந்து மொத்தம் 55. ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினாலும் 55தானே! கணிதம் படித்த யாருக்கும் கண்ணுக்குப் பழகிய எண். பக்கத்தில் 10-ஐயும் 55-ஐயும் சேர்த்துப் பார்த்ததும் மூன்று பேர் கண்ணும் சமாதானமாகி நகர்ந்துவிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. ஆள் சேர்த்தேன், பட்டறை வைத்தேன், சொல்லுக்குச் சண்டை போட்டேன், ஆனால் பக்கத்திலிருக்கிற விடை சரியா என்று பார்க்க எந்த ஏற்பாடும் செய்யவில்லை. கணித மென்பொருளின் கையேட்டுக்கு முதலில் வேண்டியது அதுதான்.

அந்த ஏற்பாடு சேஜிலேயே இருக்கிறது, டாக்டெஸ்ட் என்று பெயர். கையேட்டுப் பக்கத்தில் கட்டளையை எழுதி, அடுத்த வரியில் விடையை எழுதினால், இயந்திரம் அந்தக் கட்டளையை மறுபடி ஓட்டி, வந்த விடையும் எழுதிய விடையும் ஒன்றா என்று பார்த்துச் சொல்லும். சேஜுக்குள் எந்தச் செயற்கூற்றைச் சேர்த்தாலும் இப்படி எடுத்துக்காட்டுகளோடுதான் சேர்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பிரான்சில் ஒரு குழு சேர்ந்து எழுதிய சேஜ் பாடநூலின் எடுத்துக்காட்டுகள்கூட சேஜின் மூல நிரலுக்குள் சோதனைக் கோப்புகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. சேஜ் மாறும்போது நூலின் எடுத்துக்காட்டு உடைந்தால் சேஜை உருவாக்குகிறவர்களுக்கே அது தெரிந்துவிடும். இது எல்லாம் கண்ணெதிரில் இருந்தது. எழுதுவதுதான் வேலை என்று நான் நினைத்திருந்ததால் கண்ணில் படவில்லை.

சரி செய்ய உட்காருவதற்குள் இன்னொன்று. 2020 அக்டோபரில் தளமே காணாமல் போனது. தளத்தின் முகவரியான டொமைனையும், தளத்தை வைத்திருக்கும் சர்வர் இடமான ஹோஸ்டிங்கையும் ஆரம்பத்தில் ஒரு தன்னார்வலர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். பணம் என்னுடையது, மூன்று வருடத்துக்கு 11,400 ரூபாய். அவர் வேலைக்கு வெளிநாடு போனார், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். ஏதோ சரிபார்ப்புக்காக நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் யாருக்கும் வராமலே போய், கணக்கை மூடிவிட்டார்கள். பேக்கப் அதே சர்வரில்தான் இருந்தது. விளம்பரக் குப்பைப் பக்கங்களை அழிப்பதற்காக நான் ஜூனில் இறக்கி வைத்த ஒரு நகல் மட்டும் மிஞ்சியது. தயவுசெய்து டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில், எந்தத் தேதி வரை என்பதை ஒரு தாளில் எழுதி, குறைந்தது மூன்று பேரிடம் கொடுத்து வையுங்கள்.

2021 தொடக்கத்தில் மறுபடி ஆரம்பித்தோம், ஐந்தே பேர். விக்கி இல்லை, வெறும் எழுத்துக் கோப்புகள், சேஜின் கையேடுகள் இருக்கிற அதே வடிவத்தில். ஸ்பிங்க்ஸ் என்ற கருவி அவற்றை இணையப் பக்கமாகவும் பிடிஎஃப் ஆகவும் மாற்றும். கோப்புகள் கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் இருப்பதால் ஆளுக்கொரு முழு நகல் எப்போதும் உண்டு. முதல் முறை டாக்டெஸ்ட் ஓட்டியபோது பழைய 212 எடுத்துக்காட்டுகளில் 131 விழுந்தன. திரையில் சிவப்பாக ஓடிக்கொண்டே இருந்தது. அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் எது தப்பு என்று இயந்திரம் வரி எண்ணோடு சொல்கிறதே என்று நிம்மதியும் வந்தது. விழுந்ததெல்லாம் தப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தசம விடையின் கடைசி இலக்கம் கணினிக்குக் கணினி மாறலாம். இத்தனை பிழைவரை பொறுத்துக்கொள் என்று அந்த வரியிலேயே குறிப்பு எழுதலாம். சீரற்ற எண்ணுக்கு, விடையை ஒப்பிடாதே என்று தனிக் குறிப்பு உண்டு. பிடிஎஃப் எடுக்கும்போது, பக்கத்தை அச்சுக் கோக்கும் லாடெக் மென்பொருளின் இயல்பான இயந்திரம் தமிழ் எழுத்தில் தடுக்கி விழும். அமைப்புக் கோப்பில் அதைச் சீலாடெக் (XeLaTeX) என்று மாற்றி, ஒரு நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் சரியாகிவிடும். எனக்கு இதைக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆனது, உங்களுக்கு எட்டு நிமிடம் போதும். இன்னொன்று, நிறுவும் முறையைப் பற்றி உங்கள் கையேட்டில் அத்தியாயம் எழுதாதீர்கள். விண்டோஸில் நேரடியாக நிறுவுவதற்கு நாங்கள் படம் படமாக 12 பக்கம் எழுதி வைத்திருந்தோம். சேஜ் 9.3-க்குப் பிறகு அந்த நிறுவியே வரவில்லை, விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ் துணை அமைப்பு வழியாகத்தான் என்றாகிவிட்டது. 12 பக்கமும் வீண். அதிகாரபூர்வப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு மேலே போய்விடுங்கள்.

ஆட்களைப் பற்றி. கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவி தெரிந்தால்தான் எழுதலாம் என்று வைத்தால் நல்ல ஆசிரியர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள். எங்களில் இரண்டு பேர் மட்டும் அந்த வேலையைப் பார்க்கிறோம், மற்றவர்கள் எந்த வடிவில் கொடுத்தாலும் வாங்கி ஏற்றுகிறோம். எழுதியவர் பெயர் பக்கத்தின் அடியில் கட்டாயம் இருக்கும். அதோடு, பார்த்துக்கொள்பவர் என்று இன்னொரு பெயர். இந்த இரண்டாவது பெயர் இல்லாமல் எந்தப் பக்கத்தையும் வெளியிடுவதில்லை. சேஜின் புதுப் பதிப்பு வரும்போது அவர் பக்கத்தில் விழுந்ததை அவர் இரண்டு வாரத்தில் சரி செய்ய வேண்டும். முடியாவிட்டால் சொல்லிவிட்டால் போதும், வேறு ஆள் எடுப்பார். பதில் இல்லையென்றால் பக்கத்தை மறைத்து வைப்போம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்திலிருந்து ஒரு வழக்கத்தைக் கடன் வாங்கினோம். சைலாப் என்ற கணித மென்பொருள், லாடெக் போன்றவற்றைக் கற்றுத்தரும் காணொளிப் பாடங்களுக்குத் தமிழிலும் ஒலி கொடுத்தவர்கள் அவர்கள். பாடம் பதிவாகும் முன் அந்த மென்பொருளே தெரியாத ஒருவர் எழுத்துப் பிரதியை வைத்துச் செய்து பார்க்க வேண்டும் என்பது அங்கே முறை. நாங்களும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முதலாண்டுப் பிள்ளையிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். வாய் திறக்கக் கூடாது. எங்கே அந்தப் பிள்ளையின் கை நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு.

அன்று 31 பேர் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன். இன்று எழுதியவர்கள் பலர், ஆனால் பார்த்துக்கொள்பவர்கள் ஏழு பேர்தான். ஒன்பது அத்தியாயம், 176 எடுத்துக்காட்டு. பெயர் கொடுத்திருக்கும் பதினெட்டுப் பேரில் எத்தனை பேர் எழுதுவார்கள் என்று கேட்காமல், மூன்றாம் வருடம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள் என்றுதான் கோயம்புத்தூர்த் தம்பியிடம் முதலில் சொன்னேன். இரண்டு பேர் தேறினால் இரண்டு பேருக்குத் தக்கன எழுதினால் போதும். இப்போது செலவு என்று பார்த்தால் டொமைனுக்கான வருடாந்திரத் தொகை மட்டும். மூன்று பேர் கையில் அதன் தாள் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து மாணவர் திரும்பி வந்தார். தாயங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். 55-ஐக் கண்டுபிடித்த மாணவி இப்போது முதுகலை முடித்துவிட்டாள். கூட்டுத்தொகைகள் பக்கம் அவள் பொறுப்பில் இருக்கிறது. தப்பாக இருந்த எடுத்துக்காட்டை அழித்துவிடலாம் என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. பக்கத்தின் முதல் எடுத்துக்காட்டே இப்போது அதுதான். சேஜில் ஒற்றைக் கூரைக்குறி போட்டால் அடுக்கு, இரட்டையாக ^^ என்று போட்டால் பைத்தானின் அந்தப் பழைய வேலை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறாள்: முதல் வரிக்கு விடை 385, இரண்டாம் வரிக்கு 55. போன வாரம் ஓட்டிப் பார்த்தோம், இரண்டும் சரியாக வந்தன.